நினைவில் மட்டும் இருக்கும் வரி

இணையப் பக்கத்தை யாராவது திறக்கும் ஒவ்வொரு முறையும் சர்வர் நிரலைப் படித்து, தனக்குப் புரியும் வடிவத்துக்கு மாற்றி, வேலை முடிந்ததும் மறந்துவிடும். இந்த வீண் உழைப்பைத் தவிர்க்க, மாற்றிய வடிவத்தை நினைவிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லலாம். அதன்பின் அது நிரல் இருக்கும் மூலக் கோப்பைத் திரும்பியும் பார்க்காது. தமயந்தியின் ஊறுகாய்க் கடைத் தளத்தை அவள் கணவன் குமரவேல் அப்படித்தான் அமைத்திருந்தான். அவள் உள்ளே நுழைந்தால் மட்டும் மேலே ஒரு வரி வரும்: ‘சாப்டியாடி?’

அவன் இறந்தபின், எதையோ ஒழுங்குபடுத்தப்போய் அந்த வரி இருந்த கோப்பை அவள் அழித்துவிட்டாள். வேறு பிரதி இல்லை. ஆனாலும் வரி வந்துகொண்டிருந்தது.

இன்று மதியம் சர்வர் கம்பெனியிலிருந்து போன்.

“மேடம், ரீஸ்டார்ட் பண்ணணும். ரெண்டே நிமிஷம்.”

“மெமரில இருக்கறது?”

“போயிடும். ஃபைல்லேருந்து புதுசா படிச்சுக்கும்.”

“ஃபைல் இல்லன்னா?”

“ஃபைல் இல்லாம எப்படி மேடம் இத்தன நாள் ஓடும்?” போனில் பேசியவன் சிரித்தான்.

அந்த வரியை அவளே எழுதிவிடலாம். கேட்பது குமரவேலாக இருக்காது.

“பண்ணிடட்டுமா மேடம்?”

“இன்னும் சாப்பிடல தம்பி. சாப்ட்டுச் சொல்றேன்.”

மூடியிருந்த தட்டை மேசையில் இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்தாள்.