யார் கை வைத்தது

“நான்தான் அவ கையப் பிடிச்சி இழுத்தேன்” என்று என் கணவர் கிஷன் சொல்லி முடிப்பதற்குள் அண்ணனின் ஹெல்மெட் அவர் வாயில் இறங்கியது.

எங்கள் ஏழு வயது மகள் வாணிக்குக் கை உடைந்துவிட்டது என்று கேள்விப்பட்டு, கோகுலராஜ் அண்ணன் அலோர் காஜாவிலிருந்து மோட்டாரில் பறந்து வந்திருந்தான். மருத்துவமனைத் தாழ்வாரத்தில் அவன் கேட்டது ஒரே கேள்விதான். பிள்ளைமேல் யார் கை வைத்தது?

இரண்டாவது அடியில் ஒரு பல் தரையில் விழுந்தது.

மூன்றாவது அடி நெஞ்சில். அவர் சுவரில் மோதி, அப்படியே சரிந்து உட்கார்ந்தார்.

நாள் முழுக்கச் செம்பனைக் குலைகளை லோரியில் தூக்கிப் போடுகிற உடம்பு அது. நினைத்திருந்தால் அண்ணனை ஒரே தள்ளில் வாசல்வரை அனுப்பியிருப்பார். அவரோ இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு வாங்கிக்கொண்டே இருந்தார்.

மெர்லிமாவிலிருந்து கூட வந்த அக்கம்பக்கத்தார் குறுக்கே போகவில்லை. மடியில் உட்காரவைத்துக் காது குத்திய தாய்மாமன் அடிக்கிறானாம், அவனுக்கு உரிமை இருக்கிறதாம். இந்த மாதிரி நேரத்தில் மட்டும் நம் ஆட்களுக்கு முறை என்றால் என்ன என்று நன்றாக நினைவுக்கு வந்துவிடும்.

நானும் போகவில்லை. துப்பட்டாவை வாயில் திணித்துக்கொண்டு நின்றேன்.

பிள்ளையை இன்றைக்கே தன் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகிறேன், இனி இந்த ஆளின் நிழல்கூட அவள்மேல் படக்கூடாது என்று அண்ணன் கத்தினான். நான் துப்பட்டாவை இன்னும் ஆழமாகத் திணித்துக்கொண்டேன்.

காவலாளி ஓடிவந்து அண்ணனின் இடுப்பைப் பிடித்து இழுத்தபோது, டாக்டர் எக்ஸ்ரே படத்தோடு வெளியே வந்தார்.

வாணியின் தோளுக்குக் கீழே, எலும்புக்குள் ஒரு நீர்க்கட்டி இருக்கிறதாம். புற்று இல்லை, பயப்பட வேண்டாம் என்றார். அது வளர்ந்து வளர்ந்து எலும்பு முட்டை ஓடு போல மெலிந்துவிட்டது. பந்து எறிந்திருந்தாலும் உடைந்திருக்கும், படுக்கையில் புரண்டிருந்தாலும் உடைந்திருக்கும். நல்ல எலும்பு என்றால் அந்த இழுப்புக்கு ஒன்றும் ஆகியிருக்காது.

அண்ணனின் கையிலிருந்து ஹெல்மெட் நழுவியது. என் கணவர் காலடியில் உட்கார்ந்து, தன் சட்டை முனையால் ரத்தத்தைத் துடைத்தான். மாப்ள, மாப்ள என்று சின்னப் பிள்ளை மாதிரி அழுதான்.

அவர் அண்ணனைப் பார்க்கவே இல்லை. வீங்கிய வாயைக் கஷ்டப்பட்டுத் திறந்து, என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“கேட்டியா ராணி? கட்டிதானாம். நீ இழுத்ததால இல்லலா.”