நாலரை மணிக் கஞ்சி

"கிழவர் எந்திரிச்சாத்தான்மா உனக்குப் படிப்பு" என்று கைவிரித்துவிட்டார் ராமசுப்பிரமணியன்.

நஸீரா வாசல் பக்கம் பார்த்தாள். அரிசி மண்டிக்கு எதிரே கோரைப்பாய் விரித்து, மூன்றாவது நாளாகப் பட்டினி கிடந்தார் கூத்தையா. வெள்ளைக்காரன் காலத்தில் ஏழு முறை, நம்மவர் காலத்தில் நாலு முறை ஜெயிலுக்குப் போனவர். தலைமாட்டில் அவரே எழுதிய தட்டி:

'பதுக்கல்காரன் பேரில் பத்தியப் படிப்பா?'

மண்டி முதலாளி குருநாதன் சர்க்கரை வியாதியில் போய்ச் சேர்ந்தார். எந்த வியாதிக்கு எந்தச் சாப்பாடு என்று மதராஸில் சொல்லித் தருகிற படிப்புக்கு, அப்பா நினைவாக வருஷம் ஒருவருக்கு உதவித்தொகை என்று மகன் ராமசுப்பிரமணியன் அறிவித்தார்.

பங்கீட்டுக் காலத்தில் ராமநாதபுரமே கிழங்கைத் தின்றபோது மூட்டை மூட்டையாக அரிசியைப் பூட்டி வைத்தவர் இதே குருநாதன். அந்தப் பூட்டுக்கு முன்னால் மறியல் செய்து மண்டை உடைந்தவர் கூத்தையா. விடுவாரா?

உதவித்தொகைக்கு மனுப் போட்டது ஒரே ஒருத்தி. புதுமடம் நஸீரா.

தூக்குச்சட்டியோடு அவள் பாயை நெருங்கியதும், காவலுக்கு இருந்த முனியசாமி பாய்ந்து வந்தான்.

"ஏ, யாரது? சட்டிய எடுத்துக்கிட்டு இங்கன வரப்படாது!"

"ஏலே, சும்மா இரு" என்றார் கூத்தையா. "யாரு தாயி நீ? மண்டிக்காரன் அனுப்புன ஆளா?"

"இல்லய்யா. நீங்க படிக்க விடாம மறிச்சிருக்கீகளே, அந்தப் பிள்ளை."

கூத்தையா எழுந்து உட்கார்ந்தார். "பிள்ளையா? அந்தப் பணம் மதராஸ்ல ஏதோ பெரிய வீட்டுக்குல்ல போகும்னு நெனச்சேன்."

"எங்க வாப்பா மதார். கரைவலை இழுக்குறவுக. வீடு சின்ன வீடுதான்."

"அதுசரி. தின்னக் கத்துக்கிட ஒரு படிப்பா? ஊருல தின்னத் தெரியாமயா கெடக்கான்? இல்லாமக் கெடக்கான்!"

"வாப்பாவுக்கும் சர்க்கரை வியாதிய்யா. டாக்டர் சோறு கூடாதுன்னாரு, சீனி கூடாதுன்னாரு, கிழங்கு கூடாதுன்னாரு. அப்ப என்னதான் தின்னன்னு கேக்குறதுக்குள்ள அடுத்த ஆளைக் கூப்பிட்டுட்டாரு. எட்டு நாளா மூணு வேளையும் சுறாப்புட்டுத்தான். எங்க வீட்டுப் பூனைக்கே அலுத்துப் போச்சு."

முனியசாமி சிரித்துவிட்டு, இருப்பது உண்ணாவிரதம் என்று நினைவு வந்து வாயைப் பொத்திக்கொண்டான்.

கூத்தையா சிரிக்கவில்லை. மண்டிச் சுவரில் தொங்கிய கடிகாரத்தைப் பார்த்தார். நாலே கால்.

"வேற யார்கிட்டயும் உதவி கேக்கலையா?"

"கேட்டேன். பொம்பளப் பிள்ளைக்கு எதுக்குன்னு எல்லாரும் புத்திதான் சொன்னாக. அந்தப் புத்தியக் கொடுத்தா பஸ்ஸுல உச்சிப்புளி வரைக்கும்கூட டிக்கெட் தர மாட்டான்."

அவர் மறுபடியும் கடிகாரத்தைப் பார்த்தார். பட்டினி கிடப்பவருக்கு நேரம் நகராதுதான் என்று நினைத்தாள் நஸீரா. இதுதான் சமயமென்று மூடியைத் திறந்தாள். வெந்தயமும் பூண்டும் தேங்காய்ப்பாலும் சேர்ந்து மணத்தன.

"நோன்புக் கஞ்சிய்யா. மூணு நாள் காய்ஞ்ச வயித்துல சோத்தைப் போட்டா, குடல் கோவிச்சுக்கிரும். வருசத்துல முப்பது நாள் நாங்க இதைக் குடிச்சுத்தான் நோன்பு தொறக்குறோம். கண்டதைச் சொல்றேன்."

"படிக்காமலே இம்புட்டுப் பேசுற."

"படிச்சா இன்னும் பேசுவேன்."

"சட்டிய வை. பொறு, பொறு, அடியெல்லாம் வழிஞ்சிருக்கு, பாய் கறையாகும்."

பாய்க்கடியிலிருந்து நாலாக மடித்த காகிதம் ஒன்றை உருவிச் சட்டிக்குக் கீழே போட்டார். நோட்டீஸ் அடித்தே காலம் தள்ளிய மனிதருக்குக் காகிதத்துக்கா பஞ்சம்?

கடிகாரம் நாலரைக்கு ஒற்றை மணி அடித்தது. கூத்தையா மூடியில் ஊற்றிய கஞ்சியை இரண்டு கையாலும் ஏந்தி, ஒரே மூச்சில் குடித்துத் தீர்த்தார்.

"அண்ணே!" முனியசாமி தலையில் அடித்துக்கொண்டான். "ஒரு சட்டிக் கஞ்சிக்கு மானத்தை வித்துட்டீகளே!"

"பூண்டு இன்னுங் கொஞ்சம் போட்டிருக்கலாம்" என்றார் கூத்தையா. "இன்னொரு மூடி ஊத்து தாயி."

கூடி நின்றவர்கள் சும்மா விடுவார்களா? ஒருவன் 'கஞ்சிக் கூத்தையா வாழ்க!' என்று குரல் கொடுக்க, மற்றவர்கள் விசிலடித்தார்கள். பதினோரு ஜெயில் கொடுக்காத பட்டப்பெயரை ஒரு சட்டிக் கஞ்சி கொடுத்துவிட்டது.

சத்தம் கேட்டு ராமசுப்பிரமணியன் வெளியே வந்தார். கடிகாரத்தைப் பார்த்தார், காலியான மூடியைப் பார்த்தார், கிழவரைப் பார்த்தார்.

"நாளைக்குக் காலையில சர்டிபிகேட்டோட வாம்மா" என்றார் நஸீராவிடம்.

"பதுக்குனவன் பதுக்குனவன்தான், அதுல மாத்தமில்ல!" கூத்தையா தட்டியைப் பிடுங்கி அக்குளில் இடுக்கிக்கொண்டு நடந்தார்.

புதுமடம் வந்து சேர்ந்ததும் நஸீராவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"வாப்பா, வெள்ளைக்காரனுக்கே அசையாத மனுசராம். பூண்டு வாசத்துக்குப் பொத்துன்னு விழுந்துட்டாரு! இம்புட்டுத்தான் இவுக வீரம்."

சொல்லிக்கொண்டே சட்டியைக் கழுவக் கவிழ்த்தாள். அடியில் கஞ்சிப் பசையில் அந்தக் காகிதம் ஒட்டிக்கொண்டிருந்தது. உரித்துப் பிரித்தாள். நோட்டீஸ் இல்லை. மண்டி முத்திரை போட்டு, இன்றைய தேதியிட்டு, டைப் அடித்த கடிதம்:

'கூத்தையா அவர்களுக்கு, இன்று மாலை ஐந்து மணிக்கும் தாங்கள் பட்டினியைக் கைவிடாதிருந்தால், என் தந்தையார் பெயரையும் உதவித்தொகையையும் ஒருசேர வாபஸ் பெற்றுக்கொள்கிறேன். வெற்றி தங்களுடையதே. இப்படிக்கு, ராமசுப்பிரமணியன்.'