பாதி மரம்

உங்கள் ஒரே பிள்ளையை வேலைக்குச் சேர்த்துவிட்டவர் உங்கள் உடன்பிறந்த அண்ணன். அந்த வேலையிலேயே பிள்ளை மாண்டுபோனான். நீங்களாக இருந்தால் அந்த அண்ணனை மன்னித்திருப்பீர்களா? நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள்.

நீவா மன்னிக்கவில்லை.

மேற்கு வர்ஜீனியா மலைகளுக்கு நடுவே, நிலக்கரிச் சுரங்கத்தை விட்டால் வேறு பிழைப்பில்லாத ஊர் அது. அவள் மகன் வெண்டலைச் சுரங்கத்துக்கு அழைத்துப் போனவர் அவனுடைய தாய்மாமன் ஹோபார்ட். கூரை சரிந்த நேரத்தில் மாமன் வெளியே இருந்தார். மருமகன் உள்ளே இருந்தான். அன்றோடு நீவா அண்ணனிடம் பேச்சை நிறுத்தினாள். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு வேலி மட்டும்தான்.

மகன் அவளுக்கு விட்டுப்போனது கொல்லையில் ஒரு செஸ்ட்நட் மரம்; தின்னும் கொட்டை தருவது. ஒரு காலத்தில் அந்த மலைகளையே மூடி நின்ற இனம். பூஞ்சை நோய் கண்டு காடு காடாகப் பட்டுப்போயிற்று. நோயைத் தாங்கும் புதுக் கன்று கிடைத்தபோது, வெண்டல் ஆசையாக வாங்கிவந்து நட்டான்.

மரம் வளர்ந்தது. ஆண்டுதோறும் பூத்தது, முள்ளுறையும் கட்டியது. ஆனால், உறையைப் பிளந்து பார்த்தால் உள்ளே வெறும் பதர்.

ஒரே ஒரு நல்ல கொட்டை கிடைத்தால் போதும், மகன் கல்லறையருகே ஊன்றிவிடலாம் என்பது நீவாவின் ஏக்கம். செஸ்ட்நட்டோடு வாழ்ந்த தலைமுறையே போய்விட்ட ஊரில், அந்த மரத்தின் குணத்தை யார் எடுத்துச் சொல்வது? விசாரித்தவர்களிடமெல்லாம் அவள், மண்ணுக்குள் மூச்சு முட்டிச் செத்தவன் நட்ட மரம் எப்படிக் காய்க்கும் என்று சொல்லிவந்தாள்.

ஜூன் மாதக் கடைசியில் ஒரு காலை. சமையலறை ஜன்னல் வழியே பார்த்தவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. வேலிப் பக்கம் ஏணி போட்டு நின்று, நீண்ட கழியால் மரத்தின் பூக்களை அடித்துக்கொண்டிருந்தார் ஹோபார்ட். வெள்ளைப் பூக்கள் தரையில் உதிர்ந்துகொண்டிருந்தன.

ஓடினாள்.

"என் பிள்ளைய முழுங்கினது போதாதா? அவன் நட்ட மரத்தையும் மொட்டையடிக்கணுமா?"

ஹோபார்ட் மெல்ல இறங்கினார். சுரங்கத் தூசி தின்றுபோட்ட நுரையீரல், இறங்குவதற்குள் இரைத்தது.

"நீவா, கொஞ்சம் கேளும்மா. இந்த மரம் வந்து…"

"பேசாத. அவன் பேரும் உன் வாயில வரக்கூடாது, அவன் மரமும் வரக்கூடாது. போ."

கழியின் நுனியில் ஒரு பூங்கொத்து கட்டியிருந்தது. தன் மரத்திலிருந்து ஒடித்த பூ என்றே அவள் எண்ணினாள். வெடுக்கென்று பிடுங்கி, குப்பை எரிந்துகொண்டிருந்த பீப்பாயில் எறிந்தாள். அது கருகும்வரை ஹோபார்ட் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஏணியைத் தூக்கிக்கொண்டு வேலியைத் தாண்டிப் போனார்.

மறுநாள் மலையுச்சியில் ஒரு மரத்தடியில் அவர் உடல் கிடந்தது. பக்கத்தில் ஒரு கிளை முறிந்து கிடந்தது.

ஊர் உடனே தீர்ப்பு எழுதிவிட்டது. அரசாங்கக் காட்டில், மருந்துக்கு நல்ல விலைபோகும் ஜின்செங் கிழங்கு திருடப் போயிருப்பார் என்றார்கள்; அந்த நுரையீரலை வைத்துக்கொண்டு அவ்வளவு உயரம் ஏறுகிறவர் வேறு எதற்காக ஏறுவார் என்று கடைவாசலில் கேட்டுச் சிரித்தார்கள்.

நீவா அடக்கத்துக்குப் போகவில்லை. ஜன்னல் திரையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

அக்டோபரில் முள்ளுறைகள் உதிர்ந்தன. வழக்கம்போலக் காலால் மிதித்துப் பிளந்தவள் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். உள்ளே பழுப்பு நிறத்தில், பளபளவென்று, திரண்ட கொட்டைகள். ஆவல் தாங்காமல் ஒவ்வொரு உறையாகப் பிளந்துகொண்டே மரத்தைச் சுற்றிவந்தாள்.

வேலிப் பக்கத்துக் கிளைகளின் கீழே எல்லாம் கொட்டை. வீட்டுப் பக்கத்துக் கிளைகளின் கீழே எல்லாம் பதர்.

ஏணி நின்ற இடத்தைப் பார்த்தாள். இத்தனை காலத்தில் முதன்முறையாக வேலியைக் கடந்து, அண்ணன் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

அண்ணி ஆர்லீனா அடுப்பில் ஆப்பிள் விழுது கிளறிக்கொண்டிருந்தாள். உட்காரச் சொல்லவில்லை. நீவா கையை விரித்துக் காட்டினாள்.

"அண்ணி, பாதி மரந்தான் காய்ச்சிருக்கு. அதுவும் அவர் நின்ன பக்கம் மட்டும். ஏன்னு உங்களுக்குத் தெரியுமா?"

ஆர்லீனா கொட்டைகளைப் பார்த்தாள். பிறகு கரண்டியைக் கீழே வைத்தாள்.

"ஒத்தை மரம் காய்க்காதாம். வேற மரத்துப் பூந்தூள் அதுமேல படணுமாம். வனத்துறைக்காரங்ககிட்டப் போய்க் கேட்டுட்டு வந்தாரு. பூக்கிற மரம் இன்னொண்ணு அந்த உச்சியிலதான் இருந்துச்சு. அங்க ஏறிப் பறிச்ச பூவத்தான் கழியில கட்டிக்கிட்டு உன் மரத்துக்கு வந்தாரு."

நீவா திரும்பி, வேலிக்கு அப்பால் நின்ற மரத்தைப் பார்த்தாள்.

"மறுநாளும் கிளம்பினாரு. உங்களால ஏற முடியாது, வேணாம்னேன். 'வீட்டுப் பக்கம் பாக்கி இருக்கு, பூ வாடறதுக்குள்ள முடிச்சிடணும். வெண்டலுக்கு என்னால செய்ய முடிஞ்சது இது ஒண்ணுதான்'னாரு."

"இத ஏன் அண்ணி எங்கிட்ட யாரும் சொல்லல?"

"அவர் சொல்ல வாயெடுத்தாரே, நீவா. நீதான் விடல."

அன்பர்களே, யாருடைய பேச்சையேனும் பாதியில் அறுத்துவிட்டு வந்திருக்கிறீர்களா? அவர் இன்னும் உயிரோடு இருக்கிறாரா? அப்படியானால் இந்தப் பக்கத்தை மூடிவைத்துவிட்டு எழுந்திருங்கள். இன்றே போய், மீதியைக் கேளுங்கள்.