இன்னொரு மூச்சு

கிரேக்கத்தின் கலிம்னோஸ் தீவுக் கரையோரக் கடலில் உச்சிவெயில். கடல் எண்ணெய்போல அசையாமல் கிடக்கிறது. முதுகில் காற்று உருளையோடு முக்குளித்து ஏறிவந்த மிகேஸ் படகில் ஈரம் சொட்ட உட்கார்ந்திருக்கிறான். அவன் மனைவி செவாஸ்தி நீரையே பார்க்கிறாள். நங்கூரக் கயிற்றருகே குமிழிகள் சீராக இன்னும் மேலே வருகின்றன. "கீழ வேற யாரு?" என்கிறாள். "நான் ஒருத்தன்தானே போனேன்." சுற்றிலும் வேறு படகில்லை. அவன் முகமூடியை மறுபடி மாட்டுகிறான். அவள் அவனுடைய காற்றுமானியைத் திருப்பிப் பார்க்கிறாள். முள் சிவப்பில் நிற்கிறது. "இந்தக் காத்த வச்சுக்கிட்டு நீ எறங்குனா, அப்புறம் ரெண்டு பேரத் தேடணும்," என்று அவன் உருளையின் தோள்வாரைப் பிடித்துக்கொள்கிறாள். கடலோரக் காவல்படைக்குப் படகின் வயர்லெஸ்ஸில் சொல்லியாயிற்று. அவர்கள் வர இருபது நிமிடமாகும். குமிழிகள் மெல்ல நகர்ந்து வந்து படகின் அடிப்பலகையைத் தட்டுகின்றன. அவள் பாதத்தில் அந்த அதிர்வு தெரிகிறது. பிறகு அதிர்வும் குமிழிகளும் நின்றுவிடுகின்றன. அவன் முகமூடியைக் கழற்றவில்லை. அவளும் தோள்வாரை விடவில்லை.