எல்லாருக்கும் பஸ்

"பஸ்ஸா? கப்பலேறி இவ்வளவு தூரம் வந்து, கடைசியில பஸ் ஜன்னல் வழியா வேடிக்கை பார்க்கணுமா?"

நாத்ரா டிக்கெட்டுகளை நாசி லெமாக் சோற்றுத் தட்டுகளுக்கு நடுவே போட்டாள்.

அவள் அண்ணன் ஃபைரூஸுக்கு முகம் சுண்டிப்போனது. குடும்பத்துக்கே இது முதல் கப்பல் பயணம். அண்ணனும் தங்கையும் சேர்ந்து, தீயணைப்புப் படையிலிருந்து ஓய்வுபெற்ற அப்பாவை அழைத்துக்கொண்டு, பிள்ளைகுட்டிகளோடு சிங்கப்பூரில் கப்பலேறியிருந்தார்கள். எல்லாருக்கும் ஒரே பச்சைச் சட்டை. முதுகில் 'ருஸ்லான் குடும்பம்'. ஃபூகெட்டில் இறங்கி, மலையுச்சியில் அப்பாவை நடுவில் நிறுத்தி ஒரு போட்டோ எடுக்க வேண்டும். ஃபைரூஸ் இந்தப் பயணத்துக்கு ஆசைப்பட்டதே அதற்காகத்தான்.

டூர் பதிவு செய்யும் வேலையை மனைவி சுஹைலாவிடம் விட்டது தப்பாகப் போயிற்று.

"அண்ணி, மலையேறுற டூர் இருந்துச்சுல்ல?"

"இருந்துச்சு நாத்ரா. எனக்கு உயரம்னா பயம்."

"உங்க ஒருத்தருக்காக நாங்க எல்லாரும் போய் முந்திரிக்கொட்டை உடைக்கிற ஆலையைப் பார்க்கணுமா?"

போனால் எல்லாரும் சேர்ந்துதான் போக வேண்டும் என்பது ருஸ்லான் வீட்டுச் சட்டம். அதனால் எல்லாருக்கும் பஸ்.

"பதிவு பண்ணப் போனப்ப நானும்தான் அவளுக்குத் துணைக்குப் போனேன். சொன்னா கேட்டாத்தானே!" என்றார் அப்பா. "தண்ணிக் குழாயைத் தோள்ல போட்டுக்கிட்டு பன்னிரண்டு மாடி ஓடினவன் நான். இந்த மலையெல்லாம் எனக்குத் தூசு!"

பக்கத்து மேசைச் சீனத் தம்பதி திரும்பிப் பார்த்தார்கள். அப்பா அவர்களிடமும் ஒருமுறை சொன்னார். "என் பிள்ளைங்க கூட்டிட்டு வந்திருக்காங்க. அவங்க சம்பாத்தியம்!" என்று சேர்த்துக்கொண்டார்.

சுஹைலா தே தாரிக் தேநீரைக் கலக்கிக்கொண்டே இருந்தாள். அதைப் பார்க்கப் பார்க்க ஃபைரூஸுக்கு எரிச்சல் ஏறியது.

"பயமா இருந்தா நீ கப்பல்லயே இருந்திருக்கலாமே. அப்பாவோட ஆசையில ஏன் மண்ணைப் போடுற?"

"மன்னிச்சிடுங்க."

"மன்னிப்பெல்லாம் வேணாம். நான் போய் மாத்திட்டு வரேன். நாளைக்கு அப்பா உச்சியில நிக்கணும்."

பிள்ளைகள் கைதட்டினார்கள். "அப்படிப் போடு! அவன் என் புள்ள!" என்று அப்பா மேசையைத் தட்டினார்.

சுஹைலா பாதி எழுந்தாள். "என்னங்க, வேணாமே..."

"நீ உட்காரு."

டூர் கவுன்டரில் ஓர் இந்தோனேசியப் பெண் இருந்தாள். அவன் நீட்டிய டிக்கெட்டுகளைப் பார்த்தாள். பிறகு அவன் பச்சைச் சட்டையைப் பார்த்தாள்.

"மலையேறுற டூர்ல இடம் நிறைய இருக்கு சார். ஆனா ஒரு விஷயம். நான் சொல்லலாமான்னு தெரியல..."

அவள் சொன்னதை ஃபைரூஸ் கடைசிவரை கேட்டான். பிறகு டிக்கெட்டுகளைத் திரும்ப வாங்கிக்கொண்டு நடந்தான்.

"என்னண்ணே, அதே பஸ்ஸா?" என்றாள் நாத்ரா.

"அதேதான். அந்த மலையோட படத்தைக் காட்டினாங்க. பிடிச்சுக்கக் கம்பிகூட இல்ல. பார்த்ததுமே எனக்குத் தலை சுத்திடுச்சு. எனக்கும் உயரம்னா பயம்."

மேசையே சிரிப்பில் குலுங்கியது.

"ஜாடிக்கேத்த மூடி!" என்றாள் நாத்ரா. பிள்ளைகள் அவன் தலை சுற்றி விழுவதுபோல் நடித்துக் காட்டினார்கள்.

எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தவர் அப்பாதான். "தீயணைப்புக்காரன் பிள்ளைக்கு உயரம்னா பயமாம்! உங்களை வச்சுக்கிட்டு நான் எங்க மலையேறுறது? விடு, பஸ்லயே போவோம்." தன் தட்டிலிருந்த பொரித்த கோழியை எடுத்து மகன் தட்டில் வைத்தார். "இந்தா, சாப்பிட்டாவது தைரியம் வருதான்னு பார்ப்போம்."

ஃபைரூஸும் சிரித்தான். எதிரே, குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த சுஹைலாவைப் பார்த்தான். கல்யாணத்தன்றுகூட அவளைப் பார்த்து இவ்வளவு பெருமைப்பட்டதில்லை.

சாப்பிட்டு முடித்து வெளியே வந்ததும் அவள் அவன் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள்.

"உங்களுக்கு எப்பலேருந்து உயரம்னா பயம்?"

"நம்ம பதினஞ்சாவது மாடி ஜன்னலுக்கு வெளியே எட்டி, மூங்கில் கழியில தினமும் துணி காயப்போடுற உனக்கு எப்பலேருந்தோ, அப்பலேருந்துதான்."

சுஹைலாவுக்குப் புரிந்துவிட்டது. "அந்தப் பொண்ணு சொல்லிட்டாளா?"

"சொன்னா. கவுன்டருக்கு ஒரே ஒரு மாடி ஏறினதுக்கே அப்பாவுக்கு மூச்சு வாங்கி, நாற்காலி போட்டு உட்கார வச்சாங்களாமே. 'பிள்ளைங்களுக்குத் தெரிய வேணாம்மா, பயம் உனக்குன்னு சொல்லிடு'ன்னு உன் கையைப் பிடிச்சுக்கிட்டுக் கெஞ்சினாராம். அதுகூடத் தெரியாம எல்லார் முன்னாடியும் நான் உன்னை..."

"அட விடுங்க. கோழைப் பட்டத்தை நான் ஒண்ணும் சும்மா வாங்கல. ஊருக்குத் திரும்பின மறுநாளே என்கூட டாக்டர்கிட்ட வரணும்னு உங்கப்பாகிட்ட சத்தியம் வாங்கிக்கிட்டுத்தான் வாங்கினேன்!"