வீரகத்தியண்ணையின் வேலி

"வீரகத்தியண்ணை திரும்பவும் என்ர காணிக்குள்ள வேலியைத் தள்ளி அரக்கிப்போட்டார்!" என்று தயாளினி கத்தினாள்.

வவுனியாவில் மாலைநேரக் கொம்பியூட்டர் வகுப்பு. பாடத்தை முடித்தவர்கள் சிறிது நேரம் விளையாடலாம். அவள் விளையாடுவது நாடு பிடிக்கும் விளையாட்டு. கொம்பியூட்டரே ஆடும் எதிராளிகள் மூவருக்கும் அவள்தான் பெயர் வைத்திருந்தாள்.

"மூக்கனண்ணை குளத்தடியைப் பிடிச்சிட்டார். விமலேஸ்வரியக்கா என்ர வயலுக்க வீடு கட்டிறா. நான் எங்க சேர் போறது?"

"பிள்ளை, மற்ற ஆக்கள் படிக்கினம். இனிக் கத்தினா விளையாட்டையே அழிச்சுப்போடுவன்" என்றார் வகுப்பு ஆசிரியர் விஜிதரன் சேர்.

ஆனாலும் அவளைப் பார்க்க அவருக்குப் பாவமாக இருந்தது. மறுநாள் அவள் வருமுன்பே எதிராளிகள் மூவரையும் நீக்கிவிட்டார்.

"இந்தாரும், முழு நாடும் உமக்குத்தான். ஒருத்தரும் கிட்ட வரமாட்டினம்."

திரை முழுவதும் வெறும் பச்சை வெளி. நடுவில் அவளுடைய ஒற்றை வீடு. தயாளினி மவுஸைத் தொடவேயில்லை.

"என்ன, சந்தோசமில்லையோ?"

"அவையள் மூண்டு பேரையும் திருப்பி விடுங்கோ சேர்."

"நேற்று முழுக்க அவையளைத்தானே திட்டினனீர்?"

"அதெல்லாம் எங்கட ஊர் வட்டக்கச்சியில அயலுச் சனத்தின்ர பேர் சேர். சண்டையில இடம்பெயர்ந்த பிறகு ஆர் எங்க இருக்கினமெண்டே தெரியாது."

சேர் மூவரையும் திரும்பச் சேர்த்துவிட்டு, மற்ற மாணவர்களிடம் போனார். சற்று நேரத்தில் பின்னாலிருந்து சத்தம் கேட்டது.

"சேர், வந்த உடனேயே வீரகத்தியண்ணை தொடங்கிட்டார்!"

இந்த முறை அவர் அதட்டவில்லை.