தேதி இல்லாத கடிதம்

“அடையாளமே தெரியாம தூக்கிடுங்க” என்று அவன் குரலைத் தாழ்த்திப் போனில் சொன்னான்.

தூக்கச் சொன்னது ஆளை அல்ல. எட்டு மாதத்துக்கு முன் நிறுவனம் விற்றுவிட்ட கிடங்குக் கிளையின் நாற்பது இணைய முகவரிகளை. நிறுவனங்களின் கணினிகளை வெளியிலிருந்தே நோட்டம் விட்டு, பாதுகாப்புக்கு மாதாமாதம் தொள்ளாயிரத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போடும் ஏஜென்சி ஒன்று உண்டு. அது அவற்றை இன்னும் இவர்கள் பெயரிலேயே வைத்திருந்தது.

“எந்தத் தேதியிலேர்ந்து எடுக்கணும் சார்?” என்றாள் ஏஜென்சிப் பெண்.

விற்ற தேதியைச் சொன்னால், அவன் பாதுகாப்பு அதிகாரியாக வந்த முதல் பத்து மாதங்களின் அறுநூற்று முப்பது அப்படியே நிற்கும். கிளையின் வைரஸ் பிடித்த பழைய கணினிகள் செய்த வேலை அது. வாங்கியவர் அவற்றைக் குப்பையில் போட்டதும் மதிப்பெண் தானாக எழுநூற்று நாற்பதுக்கு ஏறியது. ஏற்றியது நான்தான் என்று இவன் காலரைத் தூக்கிவிட்டுத் திரிந்தான்.

“தேதியே வேண்டாம். அந்தக் கிளை என்னைக்குமே எங்களோடது இல்ல” என்றான். அப்படியே கடிதமாக அடித்து, கையெழுத்தும் போட்டு அனுப்பினான்.

எல்லாம் தங்கையால் வந்த வினை. அவனுக்கு முன் அதே நாற்காலியில் மூன்று வருடம் இருந்தவள் அவள். இப்போது தலைமையகத்தில் இருக்கிறாள். எல்லாக் கிளைகளுக்கும் சேர்த்து ஒரே பாதுகாப்புத் தலைவர் என்ற புதுப் பதவிக்கு இருவருமே விண்ணப்பித்திருந்தார்கள்.

ஆபீஸில் “மேடம் இருந்தப்போ...” வீட்டில் அம்மா, “உன் தங்கச்சியா இருந்தா...” கேட்டுக் கேட்டு அவனுக்கு வயிறு எரிந்தது. பள்ளிக்கூடத்து மதிப்பெண் அட்டைக் காலத்திலிருந்தே எரிகிற வயிறு அது.

கடிதத்தின் நகல் தலைமையகத்துக்கும் போனதால், மாலையில் அவளே போன் செய்தாள்.

“அண்ணா, வித்த தேதியைப் போட்டு எடுக்கச் சொல்லு. இல்லன்னா பழசெல்லாம் மாறிடும்.”

“மாறணும்னுதாம்மா எடுக்கறேன்.”

“நல்லா யோசிச்சுக்கோ. அப்புறம் என் மேல கோவிச்சுக்காத.”

போனை வைத்ததும் அவனுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. அண்ணன் மதிப்பெண் ஏறப்போகிறது என்றதும் இவளுக்குப் பொறுக்கவில்லை என்று முடிவு கட்டினான். அன்றைக்கு ஒரு கரண்டி சோறு கூடவே சாப்பிட்டான்.

வெள்ளிக்கிழமை அந்தப் பதவிக்கான நேர்முகத் தேர்வில் இயக்குநர், ஏஜென்சி திருத்தி அனுப்பிய வரைபடத்தைத் திரையில் போட்டார். மேசையில் அவன் கையெழுத்திட்ட கடிதம் இருந்தது.

அவன் தன் மாதங்களை மட்டும் தேடினான். அறுநூற்று முப்பது எங்குமே இல்லை. அப்பாடா என்று நிமிர்ந்தபோதுதான் திரையின் இடது பக்கம் கண்ணில் பட்டது. கிளையின் அழுக்கு தங்கையின் வருடங்களிலிருந்தும் கழுவப்பட்டிருந்தது. மூன்று வருடமும் கோடு எண்ணூற்றுப் பத்தில் அசையாமல் நின்றது. இவன் வந்த மாதத்திலிருந்து சரியத் தொடங்கியது.

“சார், அந்தக் கிளை அப்போ நம்ம...” என்று ஆரம்பித்தவன் கண்ணில், கடிதத்தின் ‘என்றைக்குமே எங்களுடையது இல்லை’ என்ற வரி பட்டது.

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றினார்.

“எண்ணூத்திப் பத்தை எழுநூத்தி நாப்பதா எறக்கினது நீங்கதானா?”